எம், கே, செமிகோலன்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

புது கம்பெனியின் ஆஃபர் லெட்டர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, நான்கு வருடத்தில் கைக்கு வரும் பங்குகள் தனி. வேலை மட்டும் அதேதான். ஷாப்பிங் ஆப்பிலிருந்து யாருக்கு, எந்த நேரத்தில் நோட்டிஃபிகேஷன் போனால் திறந்து பார்ப்பார்கள் என்று கணித்துச் சொல்வது. போன மாதம் எங்கள் டீமில், இரவு பதினொன்றுக்கு மேல் அனுப்பினால் அதிகம் பேர் திறக்கிறார்கள் என்று தெரிந்ததும் கேக் வெட்டினார்கள். அந்த நேரத்தில் விழித்திருப்பது யார்? பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அப்போதுதான் அக்கடா என்று உட்காரும் பெண்கள், கவலையில் தூக்கம் வராதவர்கள். எனக்கு அந்தக் கேக் தொண்டையில் இறங்கவில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

இங்கே பெங்களூரு ஜெயநகரில் இருக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு மாடிப் போர்ஷன், ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான். பழைய தமிழ்க் கோப்புகளைப் பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள், வாசிக்கும்படி மாற்றுகிறார்கள். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிகூட இல்லை.

20 செப்டம்பர், சனி

அவர்களுடைய மென்பொருளைச் சோதித்துத் தரும் அண்ணன் ஒருவரை அல்சூர் ஏரிக்கரையில் பார்த்தேன். தருமபுரிக்காரர், இங்கே வங்கியில் கிளார்க். பிறவியிலேயே பார்வை இல்லை. மடிக்கணினியில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் ஓடுகிறது. அது பேசும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவரோ கேட்டுக்கொண்டே என்னோடும் பேசினார்.

"இதைக் கேளும்மா" என்று ஒரு கோப்பைத் திறந்தார். திரையில் எனக்கு 'அம்மா' என்று தெளிவாகத் தெரிகிறது. அவர் அம்புக்குறிப் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்ட, கணினி சொல்கிறது: எம், கே, செமிகோலன், கே, எச்.

பாமினி என்ற எழுத்துருவில் அடித்த கோப்பு அது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு என்ற குறியீட்டு முறை பரவும் முன் வந்த எழுத்துருக்களில் பலவும் இப்படித்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தெரிவது தமிழ் வடிவம். டிடிபி சென்டர்களில் இன்றும் இது ஓடுகிறது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு முன் அடித்து வைத்த புத்தகங்களும் நோட்ஸும் அப்படியேதானே கிடக்கின்றன.

"குரூப் ஃபோருக்குப் படிக்கிறப்ப வந்த நோட்ஸ் பூரா இந்த லட்சணம்தான். தங்கச்சிதான் உக்காந்து வாசிச்சா. அவளுக்குக் கல்யாணம் ஆச்சு, என் படிப்பும் நின்னுபோச்சு. அப்புறம் இங்கிலீஷ்ல படிச்சு பேங்க் பரீட்சை எழுதினேன்."

தமிழ் மீடியத்தில் படித்தவர். தாய்மொழியில் படிக்க வழியில்லாமல் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கு வரும்வரை எனக்கு ஆறவே இல்லை.

23 செப்டம்பர், செவ்வாய்

என்விடிஏ வந்த கதையைப் படித்தேன். காசு கொடுத்து வாங்கும் ஸ்கிரீன் ரீடர்களின் விலை பார்வையற்றவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று, ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006 ஏப்ரலில் இதைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதத் தொடங்கினார். அவருக்கும் பார்வை இல்லை. இன்றுவரை இலவசம், நிரலும் திறந்தே கிடக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே 50 லட்சத்துக்கு மேல். விலை போட்டிருந்தால் அந்தத் தருமபுரி அண்ணன் கையில் இது கிடைத்திருக்குமா? அந்த மனிதரை நினைத்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

3 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜைக்குச் சிவகாசி போய் வந்தோம். அம்மா பேசவே இல்லை. அப்பா மட்டும், "வீட்டுக் கடன் எம்புட்டு பாக்கி?" என்றார். சொன்னேன். "மாப்ள என்ன சொல்றாரு?" என்றார்.

இவர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஈஎம்ஐ, பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸ், அப்பா அம்மாவின் மெடிக்கல் இன்ஷூரன்ஸ். புது கார் இல்லை, இப்போதிருக்கும் ஹூடி ஏரியா ஃபிளாட்டே போதும். இழுத்துப் பிடித்தால் ஓடும்.

பணம் வேண்டாம் என்பவள் இல்லை நான். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய் வந்ததையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். பத்து வருடச் சம்பளத்தில் கடனில் பெரும்பகுதி அடைந்ததால்தான் இப்போது இதை யோசிக்கவே முடிகிறது. தம்பி தங்கையின் படிப்பைச் சுமக்கிற ஒரு பிள்ளையிடம் போய் நீயும் இப்படிச் செய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப்போல் மூச்சுவிட இடம் கிடைத்த பிறகும், அடுத்த ஹைக், அடுத்த ஃபிளாட் என்று ஓடுகிறவர்களிடம் கட்டாயம் சொல்வேன்.

10 அக்டோபர், வெள்ளி

அறக்கட்டளைக்கே போகிறேன் என்று பேப்பர் போட்டாயிற்று. மேனேஜர் நல்ல மனிதர். "ரெண்டு வருஷம் சம்பாதிச்சுட்டு அப்புறம் சேவை பண்ணலாமே" என்றார். அந்த ரெண்டு வருஷக் கணக்கை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் தளத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு, இதைச் சேவை என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஷாப்பிங் ஆப்பில் செய்ததைவிட அங்கே கணினி வேலை கடினம். புது கம்பெனிக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

20 டிசம்பர், சனி

சேர்ந்து முதல் வாரம். சட்டத்தில் தடை எதுவும் இல்லை என்று முதல் நாளே விளக்கினார்கள். 2012 பதிப்புரிமைத் திருத்தம், குறைபாட்டால் அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களை வடிவம் மாற்ற அனுமதிக்கிறது. இதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடே இந்தியாதான்.

வாரம் முழுக்க 'ஔ' உயிரை வாங்கிவிட்டது. பழைய எழுத்துருக்களில் கௌரியின் முதல் எழுத்தைக் கொம்பு, க, ள என்று மூன்று தட்டில் அடித்திருப்பார்கள். அப்படியே மாற்றினால் 'கெளரி' என்று வரும். கண்ணால் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கணினியோ கெ-ள-ரி என்று வாசிக்கும். சரி, கொம்பும் ள-வும் வந்தால் ஔகாரம் என்று விதி எழுதினால், 'வெள்ளம்' கெட்டுப்போகும். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று நேற்று சேர்த்தேன். கௌரி, பௌர்ணமி, வெள்ளம், தெளிவு நான்கும் சரியாக வந்தன. அண்ணனுக்கு அனுப்பினேன். "கௌரி சரிம்மா. ஔவையார் இன்னும் ஒ-ள-வையார்னுதான் வர்றாங்க" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். திங்கட்கிழமை ஔவையாரில்தான் தொடங்க வேண்டும்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பள்ளி ஆண்டு மலர், கோயில் வரலாறு, தேர்வு நோட்ஸ் என்று சிடியிலோ பென் டிரைவிலோ கிடந்தால் அழித்துவிடாதீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். பெயர் தெரிந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.