அடுத்த கூடையை யார் எடுத்து வைப்பது?

சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர்களைப் பற்றி எனக்குள்ள பெருங்கவலை அவர்களுக்கு வேலை தெரியாது என்பதன்று. தெரிந்த வேலையைக்கூட யாராவது சொன்னால்தான் செய்வது என்ற நிலைக்கு நாமே அவர்களைப் பழக்கிவிடுகிறோம் என்பதுதான்.

அறிவுசார் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் வகுப்பறையில் துண்டுகளை மிக நேர்த்தியாக மடிப்பார்; ஓரத்தோடு ஓரம் சேரும், அடுக்கு சாயாது. அவரையே சலவைக்கூடம் ஒன்றிற்குப் பயிற்சிக்கு அனுப்பினால், முதல் கூடை முடிந்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். அடுத்த கூடை பக்கத்திலேயே இருக்கும். மேற்பார்வையாளர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்வார். வகுப்பில் ஒவ்வொரு முறையும் அடுத்த கூடையை அவர் முன் கொண்டுவந்து வைத்தவர் ஆசிரியர். அதை எடுத்து வருவதும் வேலையைச் சேர்ந்ததே என்று அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை.

ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பயன்படுத்துவது இம்மாணவர்களில் பலருக்குக் கடினம். அதனால்தான் 1980களில் பரவத் தொடங்கிய 'ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு' முறை, முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற வரிசையைத் திருப்பிப்போட்டு, உண்மையான பணியிடத்தில் சேர்த்த பின் அங்கேயே பயிற்றுநரின் துணையோடு கற்பிக்கிறது. அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் தொடங்கிய 'ப்ராஜெக்ட் சர்ச்' (Project SEARCH) திட்டத்திலும் மாணவர்கள் பள்ளியின் இறுதி ஆண்டைப் பணியிடத்திலேயே, ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு மாறிப் பயிற்சி பெற்றுக் கழிக்கிறார்கள்.

பயிற்றுநரின் திறமை உதவுவதைவிட விலகுவதில்தான் வெளிப்படுகிறது. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, கைபிடித்துச் செய்வித்து, பிறகு செய்து காட்டி, பிறகு சைகையாகக் குறைத்து, கடைசியில் தள்ளி நிற்க வேண்டும். இவற்றுள் மிகக் கடினமானது வாயை மூடிக்கொள்வது. படங்களால் ஆன வேலைப்பட்டியலை மாணவர் தாமே பார்த்துக்கொள்வார். அது என்றென்றும் அவருடன் இருந்தாலும் பிழையில்லை. ஆனால் "அடுத்து என்ன?" என்று நாம் கேட்டுக்கொண்டே இருந்தால், அவர் நம் குரலுக்காகவே காத்திருக்கப் பழகிவிடுவார்.

அமெரிக்கச் சட்டப்படி, மாணவருக்கு 16 வயது நிறையும்போது பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் நடைமுறையில் இருக்க வேண்டும். அதற்கும் முன்பே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. தனியே பேருந்தில் செல்வது, சம்பளப் பணத்தைக் கையாள்வது, உடல்நலமில்லை என்று விடுப்புக் கேட்பது, விருப்பமில்லாத தொடுகையை மறுப்பது ஆகியவை ஓராண்டில் கைவரக்கூடியவை அல்ல. பெற்றோரும் வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தால்தான் அவை வளரும். அப்படி விடுவதில் பெற்றோருக்கு உள்ள அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, தாமே விரும்பித் தேர்ந்த வேலையால் பிழைக்கும் உரிமையைக் கூறுகிறது. ஆனால் திட்டக் கூட்டங்களில் பெற்றோரும் ஆசிரியரும் பேசி முடித்த பிறகே மாணவரின் பக்கம் பார்வை திரும்புகிறது. பேச்சு வராத மாணவருக்கும் விருப்பம் உண்டு. அவரை இரண்டு மூன்று பணியிடங்களில் சில வாரங்கள் பழகவிட்டு, எங்கே தாமாகவே உள்ளே நடக்கிறார், எங்கே வாசலிலேயே நின்றுவிடுகிறார் என்று குறித்து வந்தால், அந்தக் குறிப்பையே அவரது பதிலாகக் கூட்டத்தில் முதலில் படிக்கலாம்.