ஓர் ஓடைக்கரை நிலமும் இரண்டு குடும்பங்களும்

ஜார்ஜ் வாஷிங்டன் தம் உயிலை வக்கீல் எவரையும் கலந்துகொள்ளாமல், தம் கையாலேயே 29 பக்கங்களுக்கு எழுதினார். நாளை எழுத்தால் குறிக்கும் இடத்தில் ‘ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு’ என்பதோடு நிறுத்திவிட்டார். அதன்பின் வரவேண்டிய ‘ஒன்பது’ விட்டுப்போயிற்று. அந்த வரியிலேயே ‘அமெரிக்க விடுதலையின் இருபத்துநான்காம் ஆண்டு’ என்றும் அவர் சேர்த்திருந்ததால், அது 1799 ஜூலை 9 என்பது ஆவணத்துக்குள்ளிருந்தே உறுதியாகிறது. கணக்கு வழக்கில் அத்தனை கறாராக இருந்த மனிதர், வாழ்நாளின் மிக முக்கியமான காகிதத்தில் ஒன்பது ஆண்டுகளைத் தவறவிட்டதைக் கண்டபோது, பழைய உயில்களை இனி நிதானமாகப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கடந்த சில மாதங்களாக, வாஷிங்டன் குடும்பத்தின் நான்கு தலைமுறை உயில்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவருகிறேன். அவர் புகழ் காரணமாக நான் அக்குடும்பத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை. அதன் ஆவணங்கள் அச்சில் கிடைக்கின்றன. நான் ஊகித்தது சரியா தவறா என்று உடனே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலைமுறை தேடும் பயிற்சிக்கு இது வசதி. 1790-இல் எடுக்கப்பட்ட முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் கணக்கெடுப்பில் இடம்பெற 1850 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே அதற்கு முந்தைய காலத்தில் யார் யாருக்குப் பிள்ளை என்று அறிய, உயில்களையும், ஒருவர் இறந்தபின் அவர் சொத்தைப் பற்றி நீதிமன்றத்தில் சேர்ந்த காகிதங்களையுமே பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் நான் பெயர்களைப் பின்தொடர்ந்து குழம்பினேன். ஜான், லாரன்ஸ், அகஸ்டின் என்ற மூன்று பெயர்களே தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. பிறகு நிலத்தைப் பின்தொடர்ந்தேன், வழி தெளிந்தது. வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றங்கரையில், லிட்டில் ஹன்டிங் கிரீக் என்ற ஓடையை ஒட்டி 5,000 ஏக்கர் நிலம் 1674-இல் ஜான் வாஷிங்டனுக்கும் நிக்கலஸ் ஸ்பென்சருக்கும் கூட்டாக வழங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய இந்த ஜான், 1675-இல் எழுதிய உயிலில் தம் பாதிப் பங்கை மகன் லாரன்ஸுக்கு விட்டார். லாரன்ஸ் 1698-இல் இறந்தபோது அதைத் தம் மகன்களுக்குத் தராமல் மகள் மில்ட்ரெடுக்குக் கொடுத்தார். மில்ட்ரெடும் அவர் கணவரும் 1726-இல் 180 பவுண்டுக்கு அதை மில்ட்ரெடின் அண்ணன் அகஸ்டினுக்கு விற்றனர். 1743-இல் அகஸ்டின் அதைத் தம் மூத்த தாரத்து மகன் இளைய லாரன்ஸுக்கு எழுதிவைத்தார். இளைய தாரத்து மகனான ஜார்ஜுக்கு அப்போது வயது 11. அவனுக்குக் கிடைத்தவை ராப்பஹானக் ஆற்றங்கரைப் பண்ணையும் பத்து அடிமைகளும். அந்தப் பண்ணையும்கூட, இறந்துபோன வில்லியம் ஸ்ட்ரோதர் என்பவரின் உயிலை நிறைவேற்றியவர்களிடமிருந்து 1738-இல் வாங்கப்பட்டதுதான்.

இளைய லாரன்ஸ்தான் ஓடைக்கரை நிலத்துக்கு மவுண்ட் வெர்னன் என்று பெயரிட்டவர். 1752 ஜூனில் அவர் எழுதிய உயில் அடுக்கடுக்காகப் போகிறது: நிலம் குழந்தை சாராவுக்கு; அவள் வாரிசின்றி இறந்தால் மனைவி ஆன் உயிருடன் உள்ளவரை அனுபவிக்கலாம்; அவருக்குப் பின் தம்பி ஜார்ஜுக்கு. அடுத்த மாதமே லாரன்ஸ் இறந்தார். 1754-இல் சாராவும் இறந்தாள். ஆன் மறுமணம் செய்துகொண்டார். தமக்கு வரவிருந்த நிலத்தையே ஜார்ஜ் அண்ணியிடமிருந்து ஆண்டுக்கு 15,000 பவுண்டு எடை புகையிலைக்குக் குத்தகை எடுத்தார். 1761-இல் ஆன் இறந்தபிறகே அது அவருக்குச் சொந்தமாயிற்று. உயில் மட்டும் கையிலிருந்து குத்தகைப் பத்திரம் கண்ணில் படாதவர், 1752-இலேயே ஜார்ஜ் உரிமையாளராகிவிட்டார் என்று எழுதிவிடக்கூடும்.

இதற்கிடையே அந்த நிலம் ஓர் அடிகூட நகரவில்லை, ஆனால் அதன் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மாறிக்கொண்டே இருந்தது. ஜானின் உயிலில் அது ஸ்டாஃபர்டு. அகஸ்டினின் உயிலில் பிரின்ஸ் வில்லியம். ஜார்ஜின் காலத்தில் ஃபேர்ஃபாக்ஸ். மக்கள் பெருகப் பெருகக் கவுண்டிகளைப் பிரித்தார்கள். பழைய ஏடுகளோ பழைய நீதிமன்றத்திலேயே தங்கிவிட்டன. ஒரு குடும்பம் திடீரென ஓர் ஊரின் ஏட்டில் தோன்றினால், அது இடம்பெயர்ந்து வந்ததாக முடிவுகட்டும் முன் எல்லை மாறியதா என்று பார்க்கவேண்டும்.

நாட்காட்டி இன்னொரு பொறி. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. மூத்த லாரன்ஸின் உயில் பழைய கணக்கில் 1697 மார்ச் 11-இல் எழுதப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்ற நாள் 1698 மார்ச் 30. ஓராண்டு கடந்ததுபோலத் தெரிந்தாலும் இடைவெளி 19 நாட்கள்தான். மரணப்படுக்கையில் எழுதப்பட்ட உயில் அது என்பதை இந்தக் கணக்குத் தெரிந்தால் மட்டுமே உணரமுடியும்.

உறவுச் சொற்களைப் பற்றி நான் புகார் சொல்லியே ஆகவேண்டும். அண்ணன், தம்பி, சித்தப்பா மகன், அத்தை மகன் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு, எல்லாரையும் ‘கசின்’ என்ற ஒரே சொல்லில் அடக்கும் அந்த ஆங்கிலம் போதாது. அக்காலத்திலோ அச்சொல் அண்ணன் பிள்ளைகளையும் அக்காள் பிள்ளைகளையும்கூடச் சுட்டியது. இதைவிட ஆபத்தானது ‘சன்-இன்-லா’. இன்று அது மருமகன். அன்று மனைவியின் முதல் திருமணத்து மகனையும் அப்படித்தான் அழைத்தார்கள். 1768-இல் ஓர் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் வாஷிங்டனே தம் வளர்ப்பு மகன் ஜான் பார்க் கஸ்டிஸை அவ்வாறு குறிப்பிடுகிறார். அச்சொல்லை இன்றைய பொருளில் படித்தால், இல்லாத மகள் ஒருத்தி அவருக்கு முளைத்துவிடுவாள். பெயருக்குப் பின்வரும் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பவையும் தந்தை மகனைத்தான் குறிக்கும் என்பதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரில் மூத்தவர் யார் என்று காட்டவும் அவை பயன்பட்டன.

உயிலில் இல்லாத பெயருக்கும் காரணம் இருக்கலாம். உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்ற வழக்கத்தை வர்ஜீனியா 1785-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கைவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட உயில்களில் மூத்த மகன் பேச்சே இல்லாதிருந்தால், அவனுக்குச் சேரவேண்டியது வேறு வழியில் சேர்ந்திருக்கலாம். ஒரு ஷில்லிங் மட்டும் பெறும் மகள், பெரும்பாலும் திருமணத்தின்போதே தன் பங்கைப் பெற்றுக்கொண்டவளாக இருப்பாள். அதைத் தகப்பனின் கோபமாகப் படிப்பது நம் கற்பனை.

உயில் நீதிமன்றம் சென்றபின், எழுத்தர் அதை உயில் ஏட்டில் படியெடுப்பார். இன்று நாம் மைக்ரோஃபிலிமில் காண்பது பெரும்பாலும் அந்தப் படியைத்தான். மூல உயில்கள் பலவற்றுக்கு வேறு கதி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக் கருதி வர்ஜீனியாவின் பல கவுண்டிகள் தங்கள் ஏடுகளைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் நகரம் எரிந்தபோது அவையும் எரிந்தன. ஜார்ஜின் உயிலும் ரிச்மண்டுக்குத்தான் போனது, ஆனால் பிழைத்துத் திரும்பியது. ஃபேர்ஃபாக்ஸிலேயே விடப்பட்ட அவர் மனைவி மார்த்தாவின் உயில் திருடுபோய், பின்னாளில் வங்கியாளர் ஜே. பி. மார்கனின் சேகரிப்பில் இருப்பது தெரியவந்து, வர்ஜீனியா வழக்குத் தொடுத்த பிறகு 1915-இல்தான் ஊர் திரும்பியது.

உயிலுக்கு அடுத்தபடியாக வருவது சொத்துப் பட்டியல். சத்தியம் செய்த சிலர் வீடு வீடாக, அறை அறையாகச் சென்று, கட்டிலுக்கும் கெட்டிலுக்கும் பசுவுக்கும் விலை குறிப்பார்கள். அதே வரிசையில், அதே மையில், மனிதர்களும் வருவார்கள். இதுவரை நான் சொன்ன வழிமுறைகள் எல்லாம் கொடுப்பவரின் குடும்பத்தைக் கண்டறிய உதவுபவை. கொடுக்கப்பட்டவர்களின் குடும்பத்தைத் தேடத் தொடங்கினால் அவை போதவில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் ஏட்டில் இல்லை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662-இல் வர்ஜீனியா சட்டம் செய்துவிட்டதால், உரிமையாளரின் கணக்குக்குத் தந்தை தேவைப்படவில்லை. தாயின் பெயர் மட்டும் பதிவாயிற்று.

மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் இறந்தார். அதனால் அவருடைய அடிமைகளில் மூன்றில் ஒரு பங்கை அனுபவிக்கும் உரிமை விதவையான மார்த்தாவுக்கு அவர் ஆயுள்வரை வந்தது. அதன்பின் கஸ்டிஸ் வாரிசுகளுக்கே சேரும். 1759-இல் மார்த்தா வாஷிங்டனை மணந்து மவுண்ட் வெர்னனுக்கு வந்தபோது, சமையல்காரி டால் அந்தப் பங்கில் ஒருத்தியாக வந்தாள். டாலின் மகள் லூசியும் சமையல்காரியானாள். லூசியின் கணவர் ஃபிராங்க் லீ வேறு வழியாக வந்தவர்: 1768-இல் வெஸ்ட்மோர்லேண்டின் லீ குடும்பத்தார் ஒருவரின் சொத்திலிருந்து வாஷிங்டன் அவரை 50 பவுண்டுக்கும், அவர் சகோதரர் வில்லியமை 61 பவுண்டு 15 ஷில்லிங்குக்கும் வாங்கினார்.

1799-இல் மவுண்ட் வெர்னனில் இருந்த 317 அடிமைகளில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம். 153 பேர் விதவைப் பங்கு. தம்முடையவர்களை அவர் உயிலில் விடுவித்தார். போர்க்காலம் முழுவதும் உடனிருந்த வில்லியமுக்கு உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் கிடைத்தன. மற்றவர்கள் மார்த்தாவின் மறைவுக்குப் பின் விடுதலையாக வேண்டும் என்பது உயில். மார்த்தா காத்திராமல் 1801 ஜனவரி 1-இல் விடுவித்தார். ஃபிராங்கும் அவர்களில் ஒருவர். விதவைப் பங்கில் இருந்தவர்களை விடுவிக்க வாஷிங்டனுக்கோ மார்த்தாவுக்கோ உரிமை இல்லை. 1802-இல் மார்த்தா இறந்ததும் அவர்கள் நான்கு கஸ்டிஸ் பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள்.

உயில் எழுதுவதற்குச் சற்று முன், 1799-இல் வாஷிங்டன் தயாரித்த பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ‘ஜி. டபிள்யூ.’ என்ற தலைப்பின்கீழ் ஃபிராங்க். ‘விதவைப் பங்கு’ என்ற தலைப்பின்கீழ் லூசி. மைக், ஃபில், பேட்டி ஆகிய மூன்று பிள்ளைகளும் தாயின் பக்கத்தில்.