அம்மாவின் வயிற்றுக் குழாய்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 3
அம்மாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாததால் வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ்: வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகப் பையிலுள்ள மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து உடம்பின் கழிவோடு வெளியே வடிப்போம். நேற்று ராத்திரியிலிருந்து அந்தத் தண்ணீர் சரியாக வடியவில்லை. 2 லிட்டர் தடையில்லாமல் உள்ளே போகிறது. வழக்கமாக 20 நிமிடத்தில் வெளியே வந்துவிடும், இன்று ஒரு மணி நேரம் காத்திருந்தும் தராசு 1.1 கிலோதான் காட்டியது. இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தேன், வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டேன், இன்னும் 200 கிராம் வந்தது, அவ்வளவுதான். தண்ணீர் கலங்கவில்லை, வயிற்றுவலியும் காய்ச்சலும் இல்லை.

மார்ச் 4
டயாலிசிஸ் நர்ஸ் மிஸ்ஸிக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?" நாலு நாளாம், அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. மலம் கட்டிக்கொண்டால் குடல் குழாயை நெருக்கும், இடத்தைவிட்டுத் தள்ளியும் விடுமாம். மலமிளக்கும் மருந்தான லாக்டுலோஸ் கொடுக்கச் சொன்னார்.

மார்ச் 6
வயிறு சுத்தமாகியும் 1.3 தாண்டவில்லை. ஈப்போவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாயில் ஓடும் வெள்ளைக்கோடு படத்தில் தெளிவாகத் தெரிந்தது: இடுப்புக்குழியில் கிடக்கவேண்டிய நுனி மேலே திரும்பிக் கல்லீரலுக்குக் கீழே போய் நிற்கிறது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கம்பி விட்டுத் திருப்பிப் பார்க்கலாம், நடக்காவிட்டால் லேப்ராஸ்கோப், அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை, என்றார் டாக்டர். அதுவும் சரிவராவிட்டால் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ரத்த டயாலிசிஸ், வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அம்மா வழியெல்லாம் பேசவில்லை. தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரம் வெட்டிய காலத்தில் பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுந்த அதே நேரத்தில்தான் இப்போதும் எழுந்து முதல் பையை மாட்டுகிறார், பகலில் மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கட்டுகிறார். அந்தப் பகல் அவர் கையில் இருக்கவேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம்.

மார்ச் 8
முதலில் கிருமிக்கொல்லி மருந்து, அப்புறம் எக்ஸ்ரேயில் தெரிகிற, மை மாதிரி ஒரு மருந்தைக் குழாய்க்குள் செலுத்தினார்களாம். அது குடல்களுக்கு நடுவே தாராளமாகப் பரவியது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத்திரை குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தால் அப்படிப் பரவாது. பிறகு வளைத்த விறைப்பான கம்பியைக் குழாய் வழியாகவே விட்டு, திரையைப் பார்த்துப் பார்த்து நுனியைக் கீழே திருப்பியிருக்கிறார்கள். புதிதாக எங்கும் கீறவில்லை. படங்களை டாக்டர் எனக்கும் காட்டினார், நுனி இடுப்புக்குழிக்குள் சுருண்டு கிடந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உள்ளே யாரோ கயிறு இழுக்கிற மாதிரி இருந்திச்சுப்பா, வலியில்ல," என்றார் அம்மா.

மார்ச் 9
குழாய் நுனி மறுபடி நகரலாம் என்று டாக்டர் சொல்லியே அனுப்பினார். அப்போது லேப்ராஸ்கோப் வழியாகக் குழாயைத் தைத்து நிறுத்தவேண்டி வரலாம். அதனால் நோட்டில் எடைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன்: வெளிக்குப் போனாரா இல்லையா. அம்மாவுக்கு வெட்கம், நான் கேட்காமல் விடப்போவதில்லை.

விடியற்காலைப் பை 2.1 கிலோ. ராத்திரி 9 மணிப் பை 2.2.