பை சோதிக்கப்பட்டதா?

செவ்வாய்க்கிழமை மாலை நிர்வாக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் ஆய்வாளர்கள் நம் ஆலைக்கு வருகிறார்கள் என்றார்கள். அப்போது நான் குஜராத்தின் அங்கலேஷ்வரில், சாயத் தொழிலுக்கான இடைப்பொருள்கள் செய்யும் ஆலை ஒன்றில் தொழிற்பாதுகாப்பு அலுவலராக இருந்தேன்.

நாங்கள் ஆயுதம் எதுவும் செய்யவில்லை. ஆனால் ஆண்டுக்கு 200 டன்னுக்கு மேல் கரிம வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் ஆலை அதை அரசுக்கு அறிவித்தாக வேண்டும். எங்கள் வகை ஆலைகளுக்குத் தி ஹேக்கில் இருக்கும் அந்த அமைப்பின் தலைமையகத்திலிருந்து அரசுக்கு வரும் முன்னறிவிப்பு குறைந்தது 120 மணி நேரம். அது டெல்லி வழியாக எங்களிடம் வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிட்டது.

உற்பத்திப் பதிவேடுகளை அடுக்கி வைப்பது பெரிய வேலையாக இல்லை. வில்லங்கம் எல்லாம் வாயிலில்தான். எங்கள் ஆலைக்குள் யார் வந்தாலும் பையைத் திறந்து காட்ட வேண்டும், உடலைத் தடவிச் சோதிப்பார்கள், மடிக்கணினி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். கடைசியில் ஓர் உறுதிமொழிப் படிவம்: உள்ளே விதியை மீறினால் சட்ட நடவடிக்கைக்கு உட்படுகிறேன் என்று கையெழுத்திட வேண்டும்.

முதல் நாளே வந்துவிட்ட டெல்லி அதிகாரி அந்தப் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். “இதை அவர்களிடம் நீட்டாதீர்கள்” என்றார். பிறகு ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் சரிபார்ப்பு இணைப்பிலிருந்து சில பக்கங்களின் நகலைக் கொடுத்தார். 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் தூதர்களுக்குக் கிடைக்கும் காப்பு இவர்களுக்கும் உண்டு. கைது செய்யவோ தடுத்து வைக்கவோ முடியாது. தாள்கள், மாதிரிகள், தங்குமிடம், வேலை செய்யும் அறை எதன்மீதும் கை வைக்கக் கூடாது. கருவிப் பெட்டிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை அரசுக்கு உண்டு. அதுவும் நாட்டுக்குள் நுழையும் இடத்தில், அவர்கள் கண்முன்னால். எங்கள் வாயிற்காவலர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

முதலாளிக்குக் கோபம். “என் செய்முறையை அவர்களில் ஒருவர் போட்டியாளருக்கு விற்றால் வழக்குக்கூடப் போட முடியாதா?” என்று கேட்டார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. அதிகாரி இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். பணியை விட்ட பிறகும் ஐந்தாண்டுகள் அது அவர்களைக் கட்டும். கடுமையாக மீறினால் அவர்களை வழக்கிலிருந்து காக்கும் விலக்குரிமையை அமைப்பின் தலைமை இயக்குநரே நீக்கலாம். முதலாளி முழுவதும் சமாதானமாகவில்லை. ஆனாலும் தேநீர் சொல்லி அனுப்பினார்.

ஆய்வு நாளில் வாயிற்காவலர், ஓய்வுபெற்ற ஹவில்தார், முதல் ஆய்வாளரின் தோள்பையை நோக்கிக் கையை நீட்டிவிட்டார். பழக்கதோஷம். டெல்லி அதிகாரி இருமினார். கை அந்தரத்தில் அப்படியே நின்று, மெல்ல மேலேறி ஒரு சல்யூட்டாக முடிந்தது. குழுத்தலைவர் சிரிக்காமல் பதில் வணக்கம் வைத்தார்.

நான் எதிர்பாராதது அடுத்து நடந்தது. கரைப்பான் கிடங்குக்கு முன்னால், இங்கே கைப்பேசி கூடாது என்று நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் நால்வரும் தங்கள் கைப்பேசிகளை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். ஆலையின் பாதுகாப்பு விதிகளை அவர்கள் மதித்தே ஆக வேண்டும் என்பதும் அதே இணைப்பில் இருக்கிறது. எங்கள் விற்பனை மேலாளரிடம் இதைச் செய்யவைக்க நான் இரண்டு வருடம் போராடியிருக்கிறேன்.

அவர்களுக்கு ஒதுக்கிய அறையின் சாவியைக் கொடுத்திருந்தோம். மாற்றுச் சாவி எங்கே என்று கேட்டார் அதிகாரி. நிர்வாக மேலாளரின் இழுப்பறையிலிருந்து அதுவும் போயிற்று. துப்புரவுப் பணியாளர்கூட நுழையவில்லை. மாலைக்குள் சன்னலோரம் பதினேழு தேநீர்க் கோப்பைகள் சேர்ந்திருந்தன. கண்ணாடி வழியாக எண்ணினேன்.

எங்கள் வகை ஆலைக்கு ஆய்வு 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் முடிந்தது. முதற்கட்ட அறிக்கையில் குறை எதுவும் இல்லை.

ஆறு மாதம் கழித்து உள் தணிக்கைக்கு வந்தவர் வாயில் பதிவேட்டை நீட்டினார். நான்கு பெயர்களுக்கு எதிரே ‘பை சோதிக்கப்பட்டதா?’ என்ற கட்டத்தில் ஹவில்தார் கோணல் எழுத்தில் ‘வியன்னா’ என்று எழுதியிருந்தார். அது எந்த நிறுவனம் என்று தணிக்கையாளர் கேட்டார். நகலைத் தேடி எடுத்துப் பதிவேட்டோடு சேர்த்துத் தைத்தேன்.