கவுண்டருக்கு வந்த வாழைமர நோட்டு

மலேசியாவில் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் வங்கிக் கவுண்டரில் இருந்த வருடங்களில், ஜப்பான் காலத்து நோட்டோடு, அதாவது இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டோடு, யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள். தாத்தா போன பிறகு டிரங்குப் பெட்டியைக் காலி செய்யும்போது, பழைய வேட்டிக்கு அடியில் கட்டாகக் கிடந்திருக்கும். "மாத்திக் குடுங்க தம்பி, எவ்வளவு வரும்?"

ஒன்றும் வராது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரன் திரும்பியதுமே செல்லாக் காசாக்கிவிட்டான். அதுவரை பயந்து பயந்து ஒளித்து வைத்திருந்த, பிரிட்டிஷ் ராஜா படம் போட்ட பழைய நோட்டுதான் மறுபடி செல்லுபடியானது.

ஆனாலும் நான் உடனே திருப்பிக் கொடுக்க மாட்டேன். கேட்டவுடன் ஜப்பானிய அரசு பணம் தரும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கையெழுத்து கிடையாது, ஒரு முத்திரை மட்டும். முதலில் வந்தவற்றில் வரிசை எண் உண்டு. அப்புறம் அதுவும் போய், மலாயாவுக்கு 'எம்', பர்மாவுக்கு 'பி' என்று தொடங்கும் எழுத்துகள்தான். நாள் முழுக்க நோட்டு எண்ணுகிறவனுக்கு இது வயிற்றைக் கலக்குகிற விஷயம். எண்ணே இல்லாவிட்டால் எவ்வளவு அடித்தான் என்று யார் கணக்குக் கேட்பது? 1942இல் பெரிய நோட்டே வாழைமரம் போட்ட பத்து வெள்ளி, அதாவது பத்து டாலர்தான். 1944இல் நூறு வந்தது, 1945இல் ஆயிரம். விலைவாசி எப்படி ஏறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிந்தி வந்த நூறு வெள்ளி ஒன்றில் ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் வேலை செய்கிற படம். படத்தில் எல்லாம் அமைதிதான். நிஜத்தில் அதே தோட்டங்களிலிருந்துதான் ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள்.

ஒரு பாட்டி அந்த நோட்டை விரலால் தடவிக்கொண்டே, "அப்போ எங்க மாமனார் வாங்குன சம்பளமெல்லாம்?" என்று கேட்டார். வங்கிப் பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. "இது அப்பவே போயிருச்சு பாட்டி" என்றேன்.

எனக்கு எரிச்சல் தந்தவர்கள் தரகர்கள். ஜப்பான் இன்னும் பணம் தரும், பதிவுக்கட்டணம் கட்டினால் போதும் என்பார்கள். ஹாங்காங்கில் ராணுவ யென், அதாவது அங்கே ஜப்பான் ராணுவம் புழங்கவிட்ட நோட்டு, வைத்திருந்தவர்கள் தோக்கியோவில் வழக்குப் போட்டு 1999இல் தோற்ற கதையைச் சொல்லித்தான் தடுப்பேன். எண் அச்சடித்த, கசங்காத நோட்டாக இருந்தால் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள், மற்றதற்குச் சில வெள்ளிதான் என்பதையும் சொல்லிவிடுவேன். சிலர் நம்பினார்கள். சிலர் அடுத்த வங்கிக்குப் போனார்கள்.