ஒரே அசைவு, வேறு வேறு ஆற்றல்

கை பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேல் போகிறது. கனமாக, எதையோ தள்ளிக்கொண்டு மெதுவாக உயர்ந்தால் அதில் துயரம் தெரிகிறது. வெடுக்கென்று உயர்ந்தால் சினம். நடனத்தில் என்னை விடாமல் இழுப்பது இதுதான்: பாதையும் வடிவமும் அப்படியே இருக்க, செலுத்தும் ஆற்றல் பொருளையே மாற்றிவிடுகிறது.

நடன அசைவை ஆராய்ந்த ருடால்ஃப் லாபான் (1879–1958) இந்த ஆற்றலை எடை, காலம், வெளி, ஓட்டம் என்று நான்காகப் பிரித்துப் பார்த்தார். முதல் மூன்றின் சேர்க்கையில் எட்டு அடிப்படை அசைவுகள் கிடைக்கின்றன. குத்துவதையும் அழுத்துவதையும் செய்து பாருங்கள். இரண்டிலும் வலு உண்டு, இரண்டும் நேராகப் போகின்றன. ஒன்று சட்டென்று முடிகிறது, மற்றது நீடிக்கிறது. அந்த ஒரு வேறுபாட்டில் உடல் முழுவதும் வேறாகிவிடுகிறது! (போர்க்கால இங்கிலாந்தில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அசைவுகளையும் அவர் இந்தக் கண்ணோடு ஆராய்ந்தார்.)

ஓட்டம்தான் எனக்கு மிகப் பிடித்தது. எந்தக் கணத்திலும் நிறுத்தக்கூடிய கட்டுப்பட்ட ஓட்டம் ஒன்று. தொடங்கியபின் தடுக்க முடியாமல் பெருகும் விடுபட்ட ஓட்டம் மற்றொன்று. ஊஞ்சலைப் போல் உடல் விழுந்து, எழுந்து, உச்சியில் ஒரு கணம் தொங்குவது இந்த விடுபடலால்தான்.

அடிகளும் எண்ணிக்கையும் சரியான பிறகு ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. முதலில் பழகிய அழுத்தத்தையே தசைகள் பிடித்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் முழு வலுவோடு ஆடினால் எந்த அடியும் தனித்துத் தெரியாது. ஆடுபவர்களே, தெரிந்த எட்டு எண்ணிக்கைத் தொடர் ஒன்றை எடுத்து, ஒருமுறை முழுக்க நீடித்தும், ஒருமுறை முழுக்க வெட்டியும் ஆடிப்பாருங்கள். மூச்சு எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.