பச்சையும் சிவப்பும் கலந்த உருண்டைகள்

புற்றுநோய் ஸ்டெம் செல்லில், அதாவது கட்டியைப் புதிதாக முளைக்கவைக்கும் விதை போன்ற செல்களில், பிஎச்டி பண்ணலாமா என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் 2018-ல் ஜேஆர்எஃப் உதவித்தொகையோடு சேர்ந்து 2024-ல் வைவா முடித்தேன். நெட் தேர்வு, நேர்காணல் பற்றியெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது, இந்தச் செல்களை அடையாளம் காண லேபில் வளர்க்கும் செல் உருண்டைகளைப் பற்றி.

எம்எஸ்சி படிக்கும்போது என்னை இந்தப் பக்கம் இழுத்தது 2003-ல் மிச்சிகனில் மைக்கேல் கிளார்க் குழு செய்த வேலை. மார்பகப் புற்றுக் கட்டியிலிருந்து, செல்லின் மேற்பரப்பில் அடையாளமாக (மார்க்கராக) இருக்கும் புரதங்களில் சிடி44 இருந்து சிடி24 இல்லாத அல்லது குறைவாக உள்ள செல்களைப் பிரித்து எலிக்குள் வைத்தார்கள். நூறு செல்லே கட்டியாக வளர்ந்தது. மற்ற வகை செல்களைப் பல்லாயிரம் வைத்தும் வளரவில்லை. ரத்தப் புற்றில் இதே எண்ணத்தை 1990-களிலேயே டொரண்டோவில் ஜான் டிக் காட்டியிருந்தார். கட்டி சுருங்கினாலும் விதை தங்கிவிடலாம் என்று புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சேர்ந்த பிறகு நோயாளிகளின் கட்டித் துண்டு வாங்க நெறிமுறைக் குழு அனுமதிக்கே ஏழு மாதம் ஆனது. முதல் நாள் ஒப்புதல் படிவத்தோடு போனபோது, ஆரணிப் பக்கத்து அம்மா ஒருவர், அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், படிவத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எடுத்துத் தூக்கிப் போடுறதத்தானே கேக்கற கண்ணு, வாங்கிக்கோ. எம் பொண்ணுக்கு இது வராம இருக்க வழி தெரியுமா?" என்றார். "இப்போ தெரியாதும்மா, அதுக்குத்தான் படிக்கிறோம்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

நோய்க்கூறு மருத்துவர் பரிசோதனைக்கு வேண்டியதை எடுத்தது போக எங்களுக்குப் பட்டாணி அளவுதான் மிஞ்சும். அதை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, பிளேடால் பொடியாக நறுக்கி, திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் என்சைமில் ஊறவைத்து, சல்லடையில் வடிகட்டி, டிரிப்பான் புளூ சாயம் போட்டு எண்ண வேண்டும். செத்த செல் நீலமாகும். முதல் மூன்று சாம்பிளில் பார்த்த இடமெல்லாம் நீலம். ராத்திரி முழுக்க என்சைமில் விட்டதுதான் காரணம் என்று பிடித்து, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் உயிருள்ள செல்கள் கிடைத்தன.

அப்புறம் உருண்டைகள். செல் ஒட்டாத பிளேட்டில், சீரம் இல்லாத மீடியத்தில் வைத்தால் பெரும்பாலான செல்கள் செத்துவிடும், ஸ்டெம் செல் போன்றவை மட்டும் பெருகி உருண்டையாகும் என்பது கணக்கு. எனக்கு மூன்றே நாளில் அழகழகாக வந்தன. நோயாளி செல்லிலும் வந்தன, லேபில் காலங்காலமாக வளர்க்கும் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லிலும் வந்தன. பதினோரு மாதம் எண்ணி எண்ணி வரைபடம் போட்டேன். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் கேட்டார்: "இது ஒரு செல்லிலிருந்து வளர்ந்ததா, பல செல் ஒட்டிக்கிட்டதாம்மா?" என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரமே பச்சையாக ஒளிரும் எம்சிஎஃப்-7 பாதி, சிவப்பாக ஒளிரும் எம்சிஎஃப்-7 பாதி கலந்து, அதே அடர்த்தியில் போட்டேன். ஒரு செல்லிலிருந்து வளர்ந்தால் உருண்டை முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும். நாலாம் நாள் இருட்டு அறையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஏறக்குறைய எல்லா உருண்டையிலும் பச்சையும் சிவப்பும் சேர்ந்தே இருந்தன. ஸ்டேஜை நகர்த்தி நகர்த்தி ஒரே நிறத்தில் ஒன்றாவது தென்படுமா என்று தேடிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பதினோரு மாதமும் நான் எண்ணியது பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட செல்களைத்தான்.

சரி, திரும்ப ஆரம்பித்தேன். 96 குழி பிளேட்டில் குழிக்கு ஒரு செல் விழும்படி நீர்த்துப் போட்டு, போட்ட அன்றே ஒவ்வொரு குழியையும் பார்த்து, சரியாக ஒரு செல் இருந்த குழிகளை மட்டும் குறித்துவைத்து, பத்து நாள் பிளேட்டை ஆட்டாமல் விட்டேன். பழைய எண்ணிக்கையில் சிறு பங்குதான் வந்தது. ஆனால் அவற்றைப் பிரித்துத் திரும்பப் போட்டபோதும் உருண்டை வந்தது. என் தீசிஸ் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

இந்தத் துறைக்கே இப்படி ஒரு திருப்பம் உண்டு. 2008-ல் ஷான் மாரிசன் குழு, நோய் எதிர்ப்பு இன்னும் குறைந்த எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றுச் செல்களை வைத்தபோது, எதையும் பிரித்தெடுக்காமலே நாலில் ஒரு செல் கட்டியாக வளர்ந்தது. அதுவரை லட்சக்கணக்கில் ஒன்று என்று நினைத்திருந்தார்கள். சோதனை மாறியதும் ஸ்டெம் செல் எண்ணிக்கையே மாறிவிட்டது. எந்த மார்க்கர், எந்த ஜீன் என்று பிடித்துக்கொள்வதற்கு முன்னால், உங்கள் சோதனை உண்மையில் எதை எண்ணுகிறது என்று பார்த்துவிடுங்கள். இதை முதல் வருடத்திலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

போன வாரம் எங்கள் லேபில் சேர்ந்த தங்கச்சி, மூன்றே நாளில் உருண்டை வந்துவிட்டது என்று பிளேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஃப்ரீஸரிலிருந்து பச்சைச் செல் குப்பி ஒன்று, சிவப்புச் செல் குப்பி ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்க்கப்போகிறோம்.